அப்பாவின் வளவில் நான்கு பழைய கார்கள்: இது சேகரிப்பா, குவிப்பா?

உவர்மலையான் எழுதியது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வளவில் நான்கு பழைய கார்கள் நிற்கின்றன. அவற்றுள் ஓடக்கூடியது ஒன்றுதான். அது 1961 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அப்பா இன்றும் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோவிலுக்கு அதில்தான் போய் வருகிறார். மற்றவை ஓர் ஒஸ்டின் ஏ40 சமர்செட், ஓர் ஒஸ்டின் ஏ35, கதவுகள் கழற்றப்பட்ட இன்னொரு மைனர். இந்த மூன்றும் நான் பாடசாலைக்குப் போன காலத்திலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

கார்களோடு முடிந்திருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன். பின்விறாந்தை முழுவதும் காபரேற்றர்கள், டைனமோக்கள், முன்விளக்குக் கண்ணாடிகள், ஹோர்ன்கள். விருந்தினர் அறையில் பழைய பெற்றோல் நிலையங்களின் எனாமல் பலகைகள், இலக்கத் தகடுகள், திருத்தக் கைநூல்கள், எந்தப் பூட்டுக்கு உரியவை என்று எவருக்கும் தெரியாத சாவிகள் ஒரு பிஸ்கட் பேணி நிறைய. கிணற்றடிக்குப் போகும் வழியின் இரு பக்கமும் ரயர்கள். தங்கை பிள்ளைகளோடு வந்தால் படுக்க இடமில்லாததால் கடந்த இரண்டு திருவிழாக்களுக்கும் அவள் வரவில்லை. "ஒன்றில் இந்த இரும்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் நான் இருக்கிறேன்" என்று அம்மா முன்பு பகிடியாகச் சொல்லுவார். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு தகட்டில் கறுப்பு வர்ணம் உரிந்த இடத்தில் வேறோர் எழுத்தின் வளைவு தெரிந்தது. மேலே கையால் எழுதப்பட்டிருந்தது தமிழ் 'ஸ்ரீ', அடியில் இருந்தது சிங்கள 'ஸ்ரீ'. 1957 இல் வாகனத் தகடுகளில் சிங்கள எழுத்து கட்டாயமானபோது தமிழரசுக் கட்சி நடத்திய ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் அதன் ஒரு துண்டு எங்கள் வீட்டுச் சாக்கு ஒன்றுக்குள், ஏழு உடைந்த வைப்பர் தண்டுகளோடு கிடக்கும் என்று நினைத்ததில்லை.

பத்திரிகைகளில் 'பதுக்கல்' என்ற சொல்லைக் காண்கிறோம். அது அரிசியையும் சீமெந்தையும் விலையேற்றத்துக்காக மறைத்து வைக்கும் வியாபாரிக்குரிய சொல். அப்பா எதையும் மறைக்கவில்லை, விற்கவும் நினைக்கவில்லை. ஆகவே இதைக் 'குவிப்பு' என்றே எழுதுகிறேன். சேகரிப்பு எந்த இடத்தில் முடிந்து குவிப்பாகிறது என்பதற்கு, அப்பாவை அவமதிக்காத ஓர் அளவுகோல் இருக்கிறதா? அவருக்கு வயது 74.


மூன்றாம் கியர் எழுதியது:

தம்பி, நான் சீனக்குடாப் பக்கம் நீண்ட காலம் கராஜ் நடத்தியவன். நீங்கள் சொன்ன இரண்டு சொற்களோடு மூன்றாவது ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அது கையிருப்பு. உங்கள் பின்விறாந்தையில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் கையிருப்பாகவே சேர்ந்திருக்கும்.

எங்கள் தலைமுறையினர் பாகங்களைச் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. 1970 க்கும் 1977 க்கும் இடையில் இறக்குமதி இறுக்கமாக இருந்தபோது, இறந்துபோன ஒரு காரிலிருந்து கழற்றிய டைனமோ இன்னொரு காரை உயிரோடு வைத்தது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினையும் மொறிஸையும் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கே ஒரு காபரேற்றர் ஜெட் கிடைப்பது தங்கம் கிடைப்பதற்குச் சமம். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நாங்கள் ஆறுதலடைந்திருந்தபோது 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இவற்றையெல்லாம் கண்ட ஒருவரிடம் "இது ஏன் உங்களுக்கு?" என்று கேட்டால், "நாளைக்குத் தேவைப்படும்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் அவருடைய வாழ்நாளில் பல முறை சரியாகவும் இருந்திருக்கிறது.

ஆனால் கையிருப்புக்கு ஒரு கட்டாயம் உண்டு. தேவைப்படும் பொருள் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வரவேண்டும். அப்பாவிடம் ஒரு நாள் மெதுவாக, "ஏ35 க்குரிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் எழுந்து போய்ப் பத்து நிமிடத்தில் எடுத்து வந்தால் அவரிடம் கையிருப்பு இருக்கிறது. "எங்கேயோ இருக்கிறது, தேடவேண்டும்" என்றால், அது இருந்தும் இல்லாத பொருள். ஒரு முறை தேடிக் களைத்தபின் அவர் கடையில் புதிதாக வாங்கி வருவார், பின்னர் இரண்டும் குவியலுக்குள் போகும்.

அசையாமல் நிற்கும் கார்களைப் பற்றியும் சொல்லவேண்டும். திருகோணமலையில் எந்த வளவும் கடலுக்குத் தூரமில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு மூன்று மாரி போனால் சில்லுகளிலுள்ள பிரேக் சிலிண்டர்களுக்குள் துரு பிடித்துப் பிஸ்டன் இறுகிவிடும். மைனரில் பிரேக்கின் பிரதான சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால் அது கெட்டுப்போவதை எவரும் காண்பதில்லை. முன்சில்லைத் தாங்கும் கீழ் ட்ரனியனுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் ஒரு நாள் நடுவீதியில் சில்லு உள்ளே மடிந்து, கார் முழந்தாளிட்டு நிற்கும்; நான் இப்படி மடிந்த மைனர்கள் இரண்டைத் தூக்கி வந்திருக்கிறேன். சிலர் மாதமொருமுறை எஞ்சினைக் கிளப்பி இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் காரைப் பராமரித்ததாக நினைப்பார்கள். சூடேறாத எஞ்சின் தன் புகைக்குழாயில் தண்ணீரைத்தான் சேர்க்கிறது. எஞ்சினைக் கிளப்ப முடியாத கார் என்றால், பிளக்கைக் கழற்றித் துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கைபிடியால் எஞ்சினை மாதமொருமுறை சுற்றிவைத்தாலே போதும். அந்த மூன்று கார்களில் எதையாவது அப்பா அப்படிச் சுற்றுகிறாரா என்று பாருங்கள். சுற்றினால் அவர் அதை இன்னும் கார் என்று நினைக்கிறார்.

ரயர்களை மட்டும் இந்த வாரமே அகற்றுங்கள், அதில் விவாதத்துக்கு இடமில்லை. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. நுளம்பு பெருக இடம் கொடுத்தால் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தொடரலாம். வெடித்த பழைய ரயர் எந்தக் காருக்கும் உதவாது.


பழைய சாவி எழுதியது:

மூன்றாம் கியர் ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளிக்கிறேன். ஆயினும் 'ஓடுகிறதா, கைக்கு வருகிறதா' என்ற அளவுகோல் மெக்கானிக்குரியது. சேகரிப்பாளனுக்கு அது போதாது. நானும் சிறிய அளவில் சேர்ப்பவன், ஆகவே என் சார்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, வரலாற்று வாகனம் என்பதற்குத் தரும் வரையறையில் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. குறைந்தது 30 ஆண்டுப் பழமை வேண்டும். வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பேணப்படவேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கு உரியதாக இருக்கக்கூடாது. தொழில்நுட்ப, பண்பாட்டு மரபின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். ஓடவேண்டும் என்பதைவிடப் பேணப்படவேண்டும் என்பதே அங்கே முக்கியம்.

மேற்குப் பிரான்சில் ரோஜே பையோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் கனவோடு கார்களைச் சேர்த்தார். 1970 களில் தொழில் சரிந்தது. ஒரு பகுதி விற்கப்பட்டது. மீதி பல பத்தாண்டுகளாகத் தகரக் கொட்டகைகளுக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. 2015 பெப்ரவரியில் அவை பரிசில் ஏலத்துக்கு வந்தபோது, பழைய சஞ்சிகைக் கட்டுகளின் கீழே புதைந்திருந்த ஒரு ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. தூசியைக்கூடத் துடைக்காமலே காட்சிக்கு வைத்தார்கள். 2014 இல் அந்தக் கொட்டகையைப் பார்த்த அயலவர் எவரும் அதைக் குப்பை என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் அப்பாவின் தகடும் அதுபோலத்தான். அந்தத் தகட்டை எவராவது நேர்த்தியாகத் திரும்ப வர்ணம் பூசியிருந்தால் 1957 இன் கதை அழிந்துபோயிருக்கும். கவனிக்காமல் விட்டதால்தான் அது தப்பியது.


மூன்றாம் கியர் எழுதியது:

பிரான்சின் கொட்டகைக்குள் உப்புக் காற்று இல்லை, தம்பி. ஃபெராரியும் இல்லை எங்களிடம். மைனர் 1948 முதல் 1971 வரை பல இலட்சமாகச் செய்யப்பட்ட கார். தரை ஓட்டையாகிப் போன ஒரு மைனரை ஏலத்தில் கேட்க எவரும் விமானம் ஏறி வரமாட்டார்கள். தகட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தகட்டோடு ஒரே சாக்கில் கிடந்த வைப்பர் தண்டுகளையும் அதே வாதத்தால் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.


கல்லடிப் பாலம் எழுதியது:

நான் மட்டக்களப்பில் உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். நேரில் காணாத ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்டுவது முறையல்ல. ஆகவே உங்கள் அப்பாவைப் பற்றி எதையும் தீர்மானிக்காமல், உளமருத்துவம் இந்தக் கோட்டை எங்கே வரைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அளவுக்கு மீறிய குவிப்பு நெடுங்காலம் எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. 2013 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோயறி கைநூலின் ஐந்தாவது பதிப்பில்தான் அது தனி நோயாக இடம்பெற்றது; உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பிலும் இப்போது இருக்கிறது. அங்கே பொருளின் எண்ணிக்கையோ விலையோ அளவுகோலாக வைக்கப்படவில்லை. உண்மையான பெறுமதி எதுவாக இருந்தாலும் பொருளைப் பிரிய முடியாமை, பிரியவேண்டும் என்ற நினைப்பே தரும் வேதனை, வாழும் இடங்கள் அவற்றுக்குரிய பயனை இழக்கும் அளவுக்கு நிரம்பிப்போதல், அதனால் அவருக்கோ உடனிருப்பவர்களுக்கோ ஏற்படும் இடர் ஆகியவற்றையே பார்க்கிறார்கள். சமையலறையில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா என்பது நோயறியும் கேள்வி. உங்கள் கடிதத்தில் கார்களைவிட விருந்தினர் அறையைப் பற்றிய வரிதான் என்னை நிறுத்தியது.

1947 இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கொலியர் சகோதரர்கள் இருவர் தங்கள் வீட்டுக் குவியலுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். அந்த வீட்டிலிருந்து 100 தொன்னுக்கும் அதிகமான பொருள்கள் அகற்றப்பட்டன. அவற்றுள் ஒரு ஃபோர்ட் மொடல் டீ காரின் அடிச்சட்டமும் இருந்தது. இதே மாதிரியான அடிச்சட்டம் ஓர் அருங்காட்சியகத்தில் சேகரிப்பு; அந்த வீட்டுக்குள் அது மூச்சுவிட இடமில்லாமல் செய்த பொருள்களில் ஒன்று.

பழைய சாவி அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒழுங்காகப் பேணுவதாலும் ஒருவர் கோட்டுக்கு இப்பால் நிற்கிறார் என்று ஆகிவிடாது. பிரான்சின் மூலூஸ் நகரில் கம்பளி ஆலைகள் நடத்திய ஷ்லும்ப் சகோதரர்கள் நானூறுக்கும் மேற்பட்ட கார்களை, அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்ட புகாட்டிகளை, பளபளக்கத் திருத்தி ஓர் ஆலைக்குள் வைத்திருந்தார்கள், பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. 1977 இல் வேலையிழந்த தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் தங்கள் ஆலைகளின் பணம் எங்கே போயிற்று என்று அவர்களுக்குப் புரிந்தது. அங்கே ஒரு போல்ட்கூட இடம்மாறிக் கிடக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் கொடுத்த விலையைத்தான் எவரும் கணக்கிடவில்லை. அதே சேகரிப்பு 1982 முதல் அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறந்திருக்கிறது.

உவர்மலையான் அவர்களே, உங்களிடம் இரண்டு கேள்விகள். அப்பா எப்போதாவது எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்திருக்கிறாரா? இழப்புக்குப் பின்னர் பொருள்களை இறுகப் பிடித்துக்கொள்வதை எங்கள் மாகாணத்தில் நான் நிறையவே காண்கிறேன். அடுத்து, அவர் தாமாக எவருக்காவது ஒரு பாகத்தைக் கொடுத்திருக்கிறாரா? கொடுக்கக்கூடியவரிடம் பேசலாம். எது எப்படியிருந்தாலும் அவர் இல்லாத நேரத்தில் லொறி பிடித்து வளவைக் காலியாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்த வீடுகளில் சில மாதங்களில் குவியல் திரும்பி வந்துவிடுகிறது, பிள்ளைகள்மீதான நம்பிக்கை திரும்பி வருவதில்லை.


நிலாவெளிக் காற்று எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறேன். என் அப்பா இறந்தபின் நிலாவெளி வீட்டைத் துப்புரவாக்க இரண்டு மாத விடுமுறையில் வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அப்பாவின் கொட்டகையில் இரண்டு அலுமாரிகள் இருந்தன. முதலாவதில் ஒவ்வொரு பாகத்திலும் நூலால் ஒரு கடதாசித் துண்டு கட்டப்பட்டிருந்தது. வாகனச் சோடினைகள் என்று நான் நினைத்திருந்த, மஞ்சள் செலுலொயிட் பதித்த ஒரு சாண் நீளக் கைகள் ஆறு இருந்தன. அவற்றின் துண்டில், "சமர்செட், இடப்பக்கத் திருப்புக் கை, சுருள் நல்லது, மின்குமிழ் இல்லை" என்று அப்பாவின் கையெழுத்து. கதவுத் தூணிலிருந்து வெளியே நீண்டு, கார் திரும்பப் போகும் திசையைக் காட்டும் கை அது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அந்த அலுமாரியை ஒரே பிற்பகலில், தெரிந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தேன்; அவர் ஒவ்வொன்றையும் எங்கே பூட்டலாம் என்று எனக்கே விளக்கிச் சொன்னார்.

இரண்டாவது அலுமாரி, அப்பாவின் கண்பார்வை குறைந்த பின்னர் நிரம்பியது. அதில் ஒரு துண்டும் இல்லை. பதினொரு நாட்கள் அதனோடு போராடி, இறுதியில் நிறுத்துத்தான் கொடுத்தேன். அதற்குள் எது போயிற்றோ எனக்குத் தெரியாது. அம்மா உயிரோடு இருந்தவரை அந்தக் கொட்டகைக்குள் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். உங்கள் அம்மாவிடம் எவராவது அவருக்கு எந்த இடம் வேண்டும் என்று கேட்டீர்களா?


உவர்மலையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரங்களாக நான் பதில் எழுதாததற்குக் காரணம் நடந்தவற்றை முடித்துவிட்டு எழுதவேண்டும் என்று எண்ணியதுதான்.

கல்லடிப் பாலம் அவர்களின் முதற் கேள்விக்குப் பதில்: ஆம். 1990 இல் இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகள்கூட இருக்கவில்லை. அப்பாவின் முதல் மைனரும் அப்போதுதான் போயிற்று. அதை நான் அறிந்திருந்தும் வளவில் நிற்கும் கார்களோடு சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, மூன்று மூடிகளைக் கொண்டுவந்து எதில் வெடிப்பு இருக்கிறது என்றும் காட்டினார். மறுநாள் விருந்தினர் அறையிலிருந்த சாவிப் பேணியைப் பற்றிக் கேட்டபோது வெகுநேரம் மௌனமாக இருந்தார். ஆகவே விறாந்தையை அப்படியே விட்டுவிட்டு அறையில் தொடங்கினோம். அம்மாவிடம் கேட்டோம், அவருக்கு வேண்டியிருந்தது அந்த அறையும் கிணற்றடி வழியும் மட்டுமே. கார்களைப் பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, சமர்செட்டின் நிழலில்தான் அவருடைய கோழிகள் படுக்கின்றன. ரயர்கள் போய்விட்டன. எனாமல் பலகைகளை அப்பாவே கொட்டகைச் சுவரில் வரிசையாக மாட்டினார். தகட்டைப் படமெடுத்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று அவர் சொன்னதை எழுதி உறையில் இட்டிருக்கிறேன். வைப்பர் தண்டுகளில் இரண்டு மிஞ்சின.

கதவில்லாத மைனரைக் கேட்டுக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். அப்பா விலை பேசவில்லை. தரைத் தகட்டை வெட்டி ஒட்டத் தெரியுமா, ட்ரனியனை என்ன செய்வீர்கள், எங்கே நிறுத்துவீர்கள், கூரை உண்டா என்று ஒரு மணி நேரம் விசாரித்தார். வந்தவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அப்பாவே உள்ளே போய், கதவுகள் இரண்டையும் கொண்டுவந்து பின்னிருக்கையில் வைத்தார். உழவு இயந்திரம் அதை இழுத்துக்கொண்டு ஒழுங்கை முனையில் திரும்பும்வரை படலையடியில் நின்றார்.

அந்தக் காரின் சாவி தம் சட்டைப்பையில் இருந்ததை இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார். அது இப்போது பிஸ்கட் பேணிக்குள் இருக்கிறது. வாங்கியவர் இன்னும் கேட்கவில்லை.